முன்னால் ஓடியவர், பின்னால் ஓட்டுபவர்

ஜூலை முடிந்து டூர் த பிரான்ஸ் ஓய்ந்துவிட்டது. வாசகர்கள் ஓயவில்லை. இந்த இதழுக்கு வந்த தபாலில் பாதி சைக்கிள் பந்தயம் பற்றி, மீதிப் பாதி தங்கம் விலை பற்றி. தங்கத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே சைக்கிள்.

ஈரோடு, ஜவுளிக்கடைக்காரர்:
ஏனுங்க, சைக்கிள் பந்தயம்னு சொல்றாங்க. டிவியில பார்த்தா சைக்கிளுக்குச் சமமா காரும் போகுது. அந்தக் காருக்குள்ள உக்காந்திருக்கறவங்க யாருங்க? பெட்ரோல் காசு யாரு குடுக்கறாங்க?

வியாபாரி கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். காசு விளம்பரதாரருடையது. உட்கார்ந்திருப்பவர் அணியின் மேனேஜர், அல்லது அவருக்குக் கீழே இருக்கும் டைரக்டர். பெரும்பாலும் பழைய பந்தய வீரர். நேற்று வரை சைக்கிளில் போனவர், இன்று காரில் போகிறார்.

சொகுசு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை மைக்கில். எதிரே சின்ன டிவி, பக்கத்தில் ரூட் மேப், பின்சீட்டில் மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு மெக்கானிக், கூரையில் மாற்று சைக்கிள்கள். டூரில் ஓர் அணிக்கு எட்டு வீரர்கள், 21 நாள் பந்தயம், சுமார் 3,400 கிலோமீட்டர். அத்தனை தூரமும் முன்னால் போகும் சைக்கிள்காரர் மேல் இடிக்காமல் ஓட்ட வேண்டும், அதே நேரம் அவருக்குப் புத்தியும் சொல்ல வேண்டும்.

கார்கள் போகும் வரிசைக்கும் கணக்கு உண்டு. எந்த அணியின் ஆள் மொத்த நேரக் கணக்கில் முன்னால் இருக்கிறாரோ, அந்த அணியின் கார் முன்னால். உங்கள் ஆள் பின்தங்கியிருந்தால் உங்கள் காரும் பின்னால். பஞ்சர் ஆனால் சக்கரம் வந்து சேரவும் நேரமாகும். ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருப்பவர் இன்னும் கொஞ்சம் தோற்பதற்கு இப்படி ஓர் ஏற்பாடு.

கரூர், போக்குவரத்துக் கழக ஓட்டுநர்:
காரைப் பிடித்துக்கொண்டே ஏற்றத்தில் ஏறிவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஹெலிகாப்டர் கேமராவுக்குத் தெரியும். 2015ஆம் ஆண்டு ஸ்பெயின் சுற்றுப் பந்தயத்தின் இரண்டாம் நாளே இத்தாலியின் வின்சென்சோ நிபாலி தன் அணிக் காரைப் பிடித்துக்கொண்டு பறந்தார். முந்தைய வருஷ டூர் சாம்பியன் அவர். அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் கொடுக்கும்போது மேனேஜரும் வீரரும் பாட்டிலை ஒரு விநாடி கூடுதலாகப் பிடித்திருப்பது வேறு விஷயம். அது நடுவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஒரு விநாடியா, ஒரு ஃபர்லாங்கா என்பதில்தான் தகராறு.

சூலூர், ஓய்வு பெற்ற மில் தொழிலாளி:
மேஸ்திரி வேலைக்கு, தறியில் நின்றவனைத்தான் போடுவார்கள். சைக்கிளிலும் அப்படித்தானா? பெரிய சாம்பியன்தான் பெரிய மேனேஜர் ஆவாரா?

முதல் பாதிக்கு ஆமாம். இரண்டாம் பாதிக்கு, பெரும்பாலும் இல்லை.

விதிவிலக்குகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் மோவிஸ்டார் அணியைப் பல்லாண்டு நடத்திய யூசேபியோ உன்சுவே தொழில்முறைப் பந்தயமே ஓட்டாதவர். டூரை அடுத்தடுத்து வென்ற ஸ்கை அணியின் டேவ் பிரெய்ல்ஸ்ஃபோர்டும் பெரிய வீரராக இருந்தவர் இல்லை. மற்றவர்களைப் பார்த்தால், மேனேஜராகப் பேர் வாங்கியவர்கள் பலர் நடுத்தரமாக ஓட்டியவர்கள், அல்லது நன்றாக ஓட்டியும் கடைசியில் கிட்டாமல் போனவர்கள். பெல்ஜியத்தின் பாட்ரிக் லெஃபெவர் சில வருஷமே ஓட்டினார். அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் மற்றவர்களை ஓட்ட வைத்தார்.

என் யூகம் இது. முதல் ஆளாகவே ஓடிக்கொண்டிருந்தவர் பார்த்தது காலியான ரோட்டைத்தான். இரண்டாவது ஆள் அப்படியில்லை. முன்னால் போகிறவரின் முதுகு எப்போது வளைகிறது, தோள் எப்போது ஆடுகிறது, கியர் எப்போது மாறுகிறது, ஏற்றத்தில் வாய் திறக்கிறதா என்று வருஷக்கணக்கில் அதையே படித்துக்கொண்டு வந்தவர் அவர். அந்தப் படிப்பு காருக்குள் போனதும் கை கொடுக்கிறது. சாம்பியனிடம் போய் “எப்படிங்க ஜெயிச்சீங்க?” என்று கேட்டால், “மிதிச்சேன்” என்பார். பொய்யில்லை, ஆனால் அதை வைத்து யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?

கோபி, பள்ளி உடற்கல்வி ஆசிரியர்:
கிட்டாமல் போய், பிறகு மேனேஜராக ஜெயித்தவர் ஒருவர் கதையைச் சொல்லுங்கள். வகுப்பில் சொல்ல வேண்டும்.

சிரில் கிமார். பிரெஞ்சுக்காரர், 1947இல் பிறந்தவர். வகுப்பில் சொல்வதற்கென்றே வாழ்ந்தவர் மாதிரி.

1972 டூர். பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் யாரையும் விட்டுவைக்காமல் ஜெயித்துக்கொண்டிருந்த காலம். அந்த மெர்க்ஸைக் கிமார் நாள்தோறும் சீண்டினார். நாலு நாள்களின் பந்தயங்களை வென்றார், மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் பனியனும் சில நாள் போட்டார். ரெவார் மலையுச்சியில் மெர்க்ஸ் ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தூக்கிக் கொண்டாட ஆரம்பிக்க, கிமார் பக்கத்தில் வந்து கோட்டை முதலில் தாண்டிவிட்டார். கையைத் தூக்குவதற்கு முன்னால் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்று மெர்க்ஸுக்கே பாடம் எடுத்தவர். ஆனால் முழங்கால் போய்விட்டது. பாரிஸுக்கு இரண்டே நாள் இருக்கையில், மொத்தத்தில் இரண்டாம் இடத்தில், புள்ளிக் கணக்கில் முதல்வருக்கான பச்சை பனியனோடு இருந்தவர் விலகினார். பாரிஸில் பச்சை பனியன் மெர்க்ஸுக்கு வந்தது. மெர்க்ஸ் அதைக் கிமாரிடமே கொடுத்தார்.

நாலு வருஷம் கழித்து, 29 வயதில், ஜிட்டான் அணியின் காரில் ஏறி உட்கார்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்தவர் லூசியன் வான் இம்ப் என்ற பெல்ஜியக்காரர். மலை ஏறுவதில் மன்னன், ஆனால் மலை வீரருக்கான பரிசு கிடைத்தால் போதும் என்று இருப்பவர். 1976 டூரில் பிரனீஸ் மலையில் எதிரணியின் லூயிஸ் ஒக்கான்யா முன்னால் பாய்ந்தபோது, “இப்போதே போ” என்று கிமார் சொல்லியனுப்பினார். வான் இம்ப் யோசித்தார். கிமார் காரை நேராகப் பக்கத்தில் கொண்டுவந்து, போகாவிட்டால் இடித்துத் தள்ளிவிடுவேன் என்று கத்தியதாக ஒரு கதை உலவுகிறது. இருவரும் பிற்பாடு வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள், ஆகவே அதைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். வான் இம்ப் போனார், அன்றைய பந்தயத்தை வென்றார், பாரிஸில் நாலு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் டூரையே வென்றார். அடுத்த வருஷமே அணி மாறினார். அதன் பிறகு டூரை அவர் வெல்லவே இல்லை.

எனக்குப் பிடித்த பகுதி இதற்கப்புறம்தான். அதே அணியில் பெர்னார் இனோ என்று ஓர் இளைஞன். 1977இல் பெரிய பந்தயங்களையெல்லாம் அள்ளினான். தோஃபினே பந்தயத்தில் மலையிறக்கத்தில் பள்ளத்தில் விழுந்து, மேலே ஏறிவந்து, மறுபடி மிதித்து ஜெயித்தான். நாடே “டூருக்கு அனுப்பு” என்றது. கிமார் அனுப்பவில்லை. இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும் என்றார். 1978இல் அனுப்பினார், போன முதல் தடவையே இனோ டூரை வென்றான். 1979, 81, 82இலும் கிமாரின் அணியிலேயே வென்றான். 1983இல் இனோவுக்கு முழங்காலில் கோளாறு. கிமார் 22 வயது லோரான் ஃபிஞோனை வைத்து ஜெயித்தார். அந்த வருஷம் இனோ கிமாரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு அணிக்குப் போனார். 1984இல் அந்த இனோவையே ஃபிஞோன் பத்து நிமிடத்துக்கு மேல் பின்னுக்குத் தள்ளினார். ஒன்பது வருஷத்தில் ஏழு டூர், மூன்று வெவ்வேறு ஆட்களைக் கொண்டு. தான் ஒன்றுகூட வெல்லாதவர்.

நீங்கள் உடற்கல்வி ஆசிரியர் என்பதால் இன்னொரு வார்த்தை. மாவட்டப் போட்டிக்கு எட்டாம் வகுப்புப் பையனை அனுப்பச் சொல்லித் தலைமையாசிரியர் நெருக்கும்போது 1977ஐச் சொல்லிப் பாருங்கள்.

உடுமலை, வங்கி ஊழியர்:
அவ்வளவு கெட்டிக்காரர் சறுக்கியதே இல்லையா?

எட்டு விநாடி சறுக்கினார். 1989 டூரின் கடைசி நாள், வெர்சாய்லிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர், ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு ஓட்டும் பந்தயம். கிமாரின் ஆள் ஃபிஞோன் 50 விநாடி முன்னிலை. எதிராளி அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், அவரைப் பையனாக ஐரோப்பாவுக்குக் கூட்டிவந்ததே கிமார்தான். லெமாண்ட் கையை நீட்டி முன்னால் சாய்ந்துகொள்ளும் புதுவித ஹேண்டில்பாரும் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டும் வைத்திருந்தார். ஃபிஞோன் வெறுந்தலையோடு, பின்னால் குதிரைவால் முடி ஆட ஆட ஓட்டினார். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகு எட்டே விநாடியில் டூர் போனது. இன்றுவரை மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான்.

அந்த ஹேண்டில்பார் விதிப்படி சரியா என்று முன்னாடியே நடுவரிடம் மல்லுக்கட்டியிருக்கலாம். அல்லது தங்கள் ஆளுக்கும் ஒன்று மாட்டியிருக்கலாம். இரண்டையும் செய்யாதது மேனேஜர் தப்பு என்பதே என் தீர்ப்பு. ஃபிஞோனுக்கு உட்காரும் இடத்தில் புண் இருந்தது, அதனால் என்பவர்களும் உண்டு. எட்டு விநாடிக்கு எட்டு காரணம் கிடைக்கும்.

பல்லடம், விசைத்தறி உரிமையாளர்:
எல்லாரும் ஒரே கூட்டமா போறாங்க, கடைசி அஞ்சு நிமிசம் மட்டும் ஓட்டறாங்க. அதுவரைக்கும் மேனேஜர் தூங்கலாமில்லீங்களா?

உங்கள் ஊர்க்காரர் இதைக் கேட்கக் கூடாது. ஆடி மாதம் பல்லடத்திலிருந்து உடுமலைக்கு சைக்கிளில் போயிருக்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் மலைத்தொடரில் விட்ட சந்து. தென்மேற்குக் காற்று முழுக்க அதன் வழியாக உள்ளே நுழைந்து உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்கிற ஊரில் சைக்கிள் நகராமல் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ரோட்டுப் பந்தயத்தின் சூட்சுமம் முழுக்க அந்தக் காற்றில்தான் இருக்கிறது. முன்னால் ஒருவர் போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டினாற்போல் போகிறவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். எதிர்க்காற்று என்றால் பின்னால் ஒளியலாம். பக்கக்காற்று என்றால் நேர் பின்னால் ஒளிய முடியாது, சாய்வாக ஒருவர் தோளுக்கு ஒருவர் ஒதுங்கி விசிறி மாதிரி நிற்க வேண்டும். ரோடு அகலம் எவ்வளவோ அவ்வளவு பேருக்குத்தான் அந்த விசிறியில் இடம். பதினைந்து பேருக்கு இடமிருந்தால் பதினாறாவது ஆள் ரோட்டோரப் புழுதியில் தனியாகக் காற்றைத் தின்ன வேண்டியதுதான். அவருக்கும் முன்னால் இருப்பவருக்கும் நடுவே ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தால் போதும், அது ஒரு நிமிடமாகும், அப்புறம் பத்து நிமிடமாகும்.

ஆகவே காலையிலேயே முன்னால் ஒரு காரை அனுப்பி, ரோடு எங்கே திரும்புகிறது, அங்கே காற்று எந்தப் பக்கம், மரவேலி எங்கே முடிகிறது என்று பார்த்து வரச் சொல்பவர்தான் மேனேஜர். 2013 டூரில் மலையே இல்லாத ஒரு நாள். ‘இன்றைக்கு ஒன்றும் நடக்காது’ என்று எல்லாரும் இருந்தபோது லெஃபெவரின் ஆட்கள் பக்கக்காற்றில் கூட்டத்தை வெட்டினார்கள். கெட்ட நேரத்தில் சக்கரம் பழுதான ஸ்பெயினின் வல்வெர்தே அன்று ஒன்பது பத்து நிமிடம் பின்தங்கினார், இரண்டாம் இடத்திலிருந்த அவருடைய டூர் அங்கேயே முடிந்தது. சாயங்காலம் போட்டியின் முடிவில் இன்னொரு அணி மறுபடி வெட்ட, மஞ்சள் பனியன் போட்டிருந்த கிறிஸ் ஃப்ரூமே ஒரு நிமிடத்துக்கு மேல் இழந்தார். தூங்கிய மேனேஜர் யார், விழித்திருந்தவர் யார் என்று அன்று இரவு ஊருக்கே தெரிந்தது.

பொள்ளாச்சி, இளநீர் வியாபாரி:
மேனேஜர் காரிலிருந்து கத்துவாராமே?

பிரான்ஸின் மார்க் மாதியோவைக் கேளுங்கள். பாரி–ரூபே பந்தயத்தை 1985, 1991 என்று இரண்டு தடவை வென்றவர், கிமாரிடம் பயின்றவர், 1997இல் தொடங்கிய எஃப்.டி.ஜே. அணியை மேனேஜராக நடத்தியவர். 2012 டூரில் அவருடைய அணிப் பையன் திபோ பினோ தனியாக ஜெயித்து வரும்போது, மாதியோ காரின் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே தொங்கிக் கதவைத் தட்டித் தட்டித் தொண்டை கிழியக் கத்தினார். கார் தப்பித்தது. பினோவும் ஜெயித்தார். பெரிய சாம்பியன் பெரும்பாலும் பெரிய மேனேஜர் ஆவதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, மாதியோ அதற்கு எதிரான சாட்சி. இருக்கட்டும்.

அதே பொள்ளாச்சியார், அதே கடிதத்தில்:
எஃப்.டி.ஜே. என்றால் என்ன கம்பெனி?

பிரான்ஸின் தேசிய லாட்டரி. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்த பிறகு வாளையாறு தாண்டிப் போய்ச் சீட்டு வாங்கிவந்த கொங்கு மக்கள், அந்தக் காசில் கேரளத்துக்குப் பதில் ஒரு சைக்கிள் அணியை வளர்த்திருக்கலாம். உங்கள் ஊரிலிருந்து எல்லை பக்கம்தான், நான் ஒன்றும் கேட்கவில்லை.

திருப்பூர், பனியன் ஏற்றுமதியாளர்:
பனியனில் அவ்வளவு பேர் எழுதியிருக்கிறதே. விளம்பரம் கொடுப்பவருக்கு அணிமேல் என்ன அதிகாரம்?

ஊருக்கு ஏற்ற கேள்வி. அணியின் பேரே அவர்தான். கால்பந்துக்கு ஊர்ப் பேர் உண்டு, சைக்கிள் அணிக்குக் கம்பெனிப் பேர்தான். கம்பெனி போனால் அணியும் போகும். டிக்கெட் வருமானம் கிடையாது, ரோட்டில் நின்று பார்ப்பவரிடம் யார் வசூலிப்பது? ஆகவே காரில் இருக்கிற மேனேஜரின் பாதி வேலை அடுத்த விளம்பரதாரரைத் தேடுவது.

அதிகாரம் எவ்வளவு என்பதற்கு ஒரு சாட்சி. 1996 பாரி–ரூபே. இத்தாலியின் மாப்பேய் அணி, டைல்ஸ் ஒட்டும் பசை தயாரிக்கும் கம்பெனி. பந்தயம் முடிய இன்னும் தூரம் இருக்கும்போதே அவர்கள் ஆட்கள் மூன்று பேர் தனியாக முன்னால் போய்விட்டார்கள். முசேவ், போர்ட்டோலாமி, தாஃபி. மூவரில் யார் ஜெயிப்பது? காரில் இருந்த லெஃபெவர் முதலாளி ஸ்குவின்ஸிக்கு மிலானுக்குப் போன் போட்டார். முசேவ் முதலில் என்று உத்தரவு வந்தது. பந்தயம் முடியும் சைக்கிள் மைதானமான வெலோட்ரோமுக்குள் மூன்று பேரும் அந்த வரிசையிலேயே கோட்டைத் தாண்டினார்கள். பந்தயம் நடந்தது பிரான்ஸில், முடிவானது இத்தாலியில்.

பசை விற்பவர் அணி வைக்கலாம் என்றால் கோவையில் வெட்கிரைண்டர், பம்ப்செட் விற்பவர்கள் வைக்கக் கூடாதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம். பனியனை உங்களிடமே தைக்கக் கொடுப்போம். அட்வான்ஸ் கேட்காதீர்கள்.

அந்தியூர், விவசாயி:
எங்க சின்ன வயசுல ஊருக்கு ஒருத்தர் வருவாருங்க. பள்ளிக்கூட மைதானத்துல ஏழு நாளு தரையில காலு வைக்காம சைக்கிள் சுத்துவாரு. சோறும் சைக்கிள்லயே, குளிக்கறதும் சைக்கிள்லயே. அவரையெல்லாம் பந்தயத்துக்கு அனுப்பியிருந்தா?

உங்கள் கடிதத்துக்காகவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். ராத்திரி ரெக்கார்டு டான்ஸ், நெஞ்சில் ட்யூப்லைட் உடைப்பு, கடைசி நாள் ஊர்ப் பெரியவர்கள் சட்டையில் குத்திவிடும் ரூபாய் நோட்டு. அவர் எங்கே போனார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

ஐரோப்பாவில் அதற்கு ஓர் உறவுக்காரப் பந்தயம் உண்டு. ஆறு நாள் பந்தயம். மண்டபத்துக்குள் மரப்பலகைத் தடம், சுற்றிலும் பீர், பாட்டு, பணக்காரர்கள். இருவர் இருவராகச் சேர்ந்து மாறி மாறி ஓட்டுவார்கள். அதில் அரசன் நெதர்லாந்தின் பீட்டர் போஸ்ட், 65 ஆறு நாள் பந்தயங்களை வென்றவர். ரோட்டிலும் சோடை போகவில்லை. 1964 பாரி–ரூபேயை மணிக்கு 45.129 கிலோமீட்டர் சராசரியில் வென்றார். அந்த வேகத்தை முறியடிக்க 2017 வரை ஆனது. ஓட்டி முடித்ததும் மேனேஜர். அவருடைய அணியின் பேர் டி.ஐ.–ராலே. 1980 டூரில் அவருடைய ஆள் யோப் ஜூட்டமெல்க் ஜெயித்தார், அணி பத்துக்கும் மேற்பட்ட நாள்களின் பந்தயங்களை அள்ளியது. தேர்ப்படை மாதிரி எல்லாரையும் ஒரே வேகத்தில் ஓடவைப்பார், கண்டிப்பானவர், சிரிப்பது அபூர்வம்.

அந்த டி.ஐ. யார் என்று பாருங்கள். இங்கிலாந்தின் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ராலேயை 1960இல் சேர்த்துக்கொண்ட அதே கம்பெனிதான் 1949இல் நம் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. நீங்கள் குரங்கு பெடல் போட்டுப் பழகிய ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எல்லாம் அந்த அம்பத்தூர் சரக்கு. போஸ்டின் ஆட்கள் பனியனில் சுமந்த இரண்டெழுத்தும் உங்கள் மைதானத்தில் ஏழு நாள் சுற்றிய சைக்கிளும் ஒரே வம்சமாகக்கூட இருந்திருக்கலாம்.

நாமக்கல், மருந்துக்கடைக்காரர்:
எல்லாரும் மருந்து போட்டுத்தான் ஓட்டினார்கள் என்கிறார்களே. மேனேஜர்களுக்குத் தெரியாதா?

தெரியாமல் எப்படி? பலர் தாங்களே போட்டவர்கள். டென்மார்க்கின் பியார்ன் ரீஸ் 1996 டூரை வென்றார், பிறகு மேனேஜராகி 2008இல் கார்லோஸ் சாஸ்ட்ரேவை டூர் சாம்பியன் ஆக்கினார். நடுவில் 2007இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, நான் இ.பி.ஓ. போட்டுத்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டார். உங்களுக்குத் தெரிந்த மருந்துதான், சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்த அணு கூட்டக் கொடுப்பது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் மேனேஜர் யோஹான் ப்ரூய்னீலும் பழைய வீரர்தான். அவருக்கு இப்போது ஆயுள் தடை.

இன்னொரு வகை ஆளும் உண்டு. அமெரிக்காவின் ஜொனாதன் வாட்டர்ஸ். 2001 டூரில் குளவி கொட்டி ஒரு கண் முழுக்க வீங்கிவிட்டது. கார்டிசோன் ஊசி போட்டால் இறங்கிவிடும், ஆனால் விதி இடம் கொடுக்காது. பந்தயத்தை விட்டு வீட்டுக்குப் போனார். அதற்கு முன் இ.பி.ஓ. போட்டிருந்த அதே மனிதர், குளவிக்கு ஊசி போடாமல் விலக வேண்டியிருந்த வேடிக்கையைப் பாருங்கள். பிற்பாடு மேனேஜராகி, மருந்தில்லாத அணி என்று அறிவித்து நடத்தினார், 2012இல் தன் பழைய கணக்கையும் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். பழைய ஆட்களை முழுக்கத் துரத்த வேண்டும் என்பவர்களோடு எனக்குப் பாதி சம்மதம். மீதிப் பாதிக்கு வாட்டர்ஸ் குறுக்கே நிற்கிறார்.

கோவை, கல்லூரி மாணவி:
காரில் எப்போதும் ஆண்கள்தானா?

உலகத்தின் முதல்தர ஆண்கள் அணி ஒன்றின் காரில் முதல் பெண் டைரக்டராக இங்கிலாந்தின் செரி பிரிதம் ஏறியது 2021இல். சைக்கிள் பிறந்து நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது, அவசரமே இல்லை.

நெதர்லாந்தின் அன்னா ஃபான் டெர் ப்ரெகன் கதை இன்னும் சுவாரசியம். ஒலிம்பிக் தங்கம், உலக சாம்பியன் எல்லாம் முடித்து 2021 கடைசியில் சைக்கிளை விட்டு, தன் அணியின் காரிலேயே ஏறினார். 2023இல் பெண்கள் டூரை வென்ற டெமி ஃபோலரிங் அப்போது அந்த அணியில்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, 2025இல் காரை விட்டு இறங்கி மறுபடி சைக்கிளில் ஏறிவிட்டார். இதுவரை நான் சொன்னவர்கள் எல்லாம் ஒருவழிப் பாதை. அவருக்கு மட்டும் இருவழி.

பீளமேடு, ஒர்க்ஷாப் வைத்திருப்பவர்:
எல்லாம் பிரான்ஸ், பெல்ஜியம். நம்மூர்ல ஓட்டி, அப்புறம் ஓட்ட வெச்ச ஆளே இல்லீங்களா?

சைக்கிளில் எனக்குத் தெரிந்து இல்லை. நாலு சக்கரத்தில் உண்டு. அதற்கு முன்னால் ரூபேயைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். பாரி–ரூபே, பாரி–ரூபே என்று மேலே பல தடவை சொன்னேன். அந்த ரூபே ஒரு மில் ஊர். 1896இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கியவர்கள் வியன், பெரேஸ் என்ற இரண்டு மில் முதலாளிகள். தங்கள் ஊரில் வெலோட்ரோம் கட்டினார்கள், அதற்குக் கூட்டம் வர வேண்டும் என்று பாரிஸிலிருந்து பந்தயத்தை இழுத்துவந்தார்கள். அப்போது கோவையில் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி எட்டு வருஷம்.

நம்மூர் மில் குடும்பத்தில் பிறந்தவர்தான் எஸ். கரிவரதன். சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில் தானே ஓட்டியவர். அவருக்கு ஓட்டுவதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. வெளிநாட்டுக் கார் இறக்குமதி செய்ய வழியில்லாத பையன்களும் ஓட்டும்படி ஒரு பந்தயக் கார் செய்ய வேண்டும். மாருதி 800இன் இன்ஜினை எடுத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் செய்தார், ஃபார்முலா மாருதி. பிற்பாடு ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நம் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியது அந்த வகைக் காரில். நரேன் 2005இல் ஜோர்டான் அணிக்காக இண்டியானாபொலிஸில் நாலாவதாக வந்தார். டயர் தகராறில் மற்றவர்கள் விலகி ஆறே கார் ஓடிய பந்தயம் அது என்று கிண்டல் செய்பவர்கள், அந்த ஆறில் ஒன்றாக நிற்க எத்தனை பேர் முயன்றார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் எல்.ஜி.பி.யின் பி. விஜயகுமார் கட்டிய 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடத்துக்குத்தான் அவர் பேர், கரி மோட்டார் ஸ்பீட்வே. எல்.ஜி.பி. என்றால் உங்கள் ஒர்க்ஷாப்புக்குத் தெரியும், ரோலான் செயின்.

மில் பணம், சொந்தக் கை, ஊர்ப் பையன்கள். ரூபேயில் இருந்த மூன்றும் இங்கேயும் இருந்தன, சக்கரத்தின் எண்ணிக்கைதான் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் அந்தச் செட்டிபாளையத் தடத்தை சைக்கிளுக்கு விட்டால் என்ன என்று எனக்கு ஒரு நப்பாசை. லாரியும் இல்லை, மாடும் இல்லை, வேகத்தடையும் இல்லை. அதைவிட நல்ல தரை இந்த மாவட்டத்தில் எங்கே இருக்கிறது?

சேலம், மருத்துவ மாணவர்:
நம்மிடம் மலை இல்லையா, ஆள் இல்லையா? ஏன் ஒருவரும் டூருக்குப் போகவில்லை?

மலை தாராளமாக இருக்கிறது. உலகமே கொண்டாடும் அல்ப் துயேஸ் ஏற்றத்தில் 21 வளைவு. கொல்லிமலைக்கு 70. சேலத்துக்காரரான உங்களுக்கு ஏற்காட்டின் 20 வளைவு வீட்டு வாசலில். கல்லட்டி 36. டூர் ஆஃப் நீலகிரிஸ் என்று 2008இலிருந்து மலையேறும் ஆர்வலர்களும் இருக்கிறார்கள்.

இல்லாதது வாரம்தோறும் பந்தயம். பெல்ஜியத்தில் பதினாறு வயதுப் பையன் ஒரு சீசனில் ஓட்டும் பந்தயங்களில் கால்வாசிகூட நம் பையன் இருபத்தைந்து வயதுக்குள் ஓட்டியிருக்க மாட்டான். நூறு பேர் நடுவே, ஒரு சாண் இடைவெளியில், மழையில் வளைவில் திரும்புவது தனியாக மலையேறிக் கற்கும் விஷயமில்லை. தேசிய சாம்பியனாக இருந்த நவீன் ஜான் அமெரிக்காவில் இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில்தான் பந்தயம் பழகினார், 2016இல் கான்டினென்டல் தர ஆஸ்திரேலிய அணி ஒன்றில் சேர்ந்து ஓட்டினார். அங்கிருந்து டூர் இன்னும் இரண்டு படி மேலே. அந்தப் படிகளை ஏறியிறங்கிப் பார்த்தவர் ஒருவர் இங்கே வந்து காரில் உட்கார்ந்தால் ஒழிய, அடுத்தவருக்கு வழி சொல்ல ஆளில்லை. வீரர் இல்லாமல் மேனேஜர் இல்லை, மேனேஜர் இல்லாமல் வீரர் இல்லை. எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதலில் ரோட்டை அடைத்துப் பந்தயம் வைக்க அனுமதி தரும் ஒரு போலீஸ் அதிகாரியிடமிருந்து.

காங்கேயம், மாட்டுப்பண்ணை வைத்திருப்பவர்:
ஜெயித்த சாம்பியன்கள் எல்லாம் பிறகு என்ன ஆனார்கள்?

மெர்க்ஸ் சைக்கிள் தொழிற்சாலை வைத்தார். இத்தாலியின் ஜியான்னி புன்யோ, இரண்டு தடவை உலக சாம்பியன், ஹெலிகாப்டர் ஓட்டப் போனார். ரோட்டை மேலிருந்து பார்த்தால் போதும் என்று முடிவெடுத்திருப்பார். ஐந்து டூர் வென்ற இனோ, பிரிட்டனி கிராமத்துக்குத் திரும்பி மாடு வளர்த்தார். 2016 வரை வருஷத்தில் மூன்று வாரம் மட்டும் டூர் பரிசு மேடையில் நின்று கை குலுக்கினார், மேடையில் யாராவது அத்துமீறி ஏறினால் பிடித்துத் தள்ளினார். மாட்டுக்காரர் பிடி, நழுவாது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனைமலை, ஒரு தகப்பனார்:
பையன் பத்தாவது படிக்கிறான். சைக்கிள் பந்தயத்துக்குப் போகிறேன் என்கிறான். ஒரு லட்ச ரூபாய்க்கு சைக்கிள் கேட்கிறான். என்ன செய்யட்டும்?

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இருக்கிற சைக்கிளிலேயே ஒரு காலை ஏறச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்கூட்டரில் தண்ணீரோடு பின்னால் போங்கள், அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள். ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூவில், வரையாடு பார்க்கிற சாக்கில் இறங்கி உட்கார்ந்துவிட்டான் என்றால் உங்களுக்கு ஒரு லட்சம் மிச்சம். நாற்பதும் ஏறிவிட்டு, “அப்பா, நாளைக்கும் வரலாமா?” என்று கேட்டான் என்றால், கடன் வாங்கத் தயாராகுங்கள். வட்டிக்குக் கொடுக்க நம் பக்கத்தில் ஆளா இல்லை?